ஆவடி பஸ்ஸும் ஒரு சொம்புத் தண்ணீரும்

அடுப்பிலிருந்து இழுத்துப் போட்ட கொள்ளிக்கட்டையின்மேல் தண்ணீர் பட்டதும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் எழும். அதோடு சாம்பலும் ஆவியுமாகக் கிளம்பி, மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, கண்ணில் ஒரு சொட்டு நீரை வரவழைத்துவிட்டுப் போகும் ஒரு வாசனை. காஸ் அடுப்பில் சமைக்கிற என் பேத்திகளுக்கு இதை விளக்கிப் பார்த்துத் தோற்றுப் போனேன். அந்த வாசனையை எங்கள் வீட்டு அடுப்படியில் ஆயிரம் முறை முகர்ந்திருக்கிறேன். ஒரு பஸ்ஸிலிருந்து அது வந்து நான் முகர்ந்தது ஒரே ஒரு முறைதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான், எங்கேயோ கடலுக்கு அப்பால் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சண்டை குமணன்சாவடிக்கு வந்து சேர்ந்தது இரண்டு விதமாகத்தான்: ஒன்று, ஆவடிப் பக்கம் பட்டாளத்தார் முகாம் போட்டார்கள், இரண்டு, பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால், பூந்தமல்லியிலிருந்து எங்கள் ஊர் வழியாக ஆவடிக்குப் போகிற பஸ் அடுப்புக்கரியில் ஓட ஆரம்பித்தது. 'கரி பஸ்' என்றுதான் எல்லோரும் சொன்னோம். அதற்கு வேறு ஒரு மரியாதையான பெயர் இருந்ததாகப் பிறகு படித்தேன். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை.

பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதற்குப் 'பாய்லர்' என்று பெயர். மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். கீழே நெருப்பு மூட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கிற கைப்பிடிச் சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே காற்று போய்க் கரி கனலும். அரைமணி நேரம் சுற்றிய பிறகுதான் அதிலிருந்து வருகிற வாயு குழாய் வழியாக முன்பக்கம் போய் எஞ்சினை எழுப்பும். ஆகவே 'எட்டு மணி பஸ்' என்றால் எட்டு மணிக்குப் புறப்படுகிற பஸ் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எட்டு மணிக்குப் பற்றவைக்கத் தொடங்குகிற பஸ் என்றுதான் அர்த்தம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு வேகும். புகை உள்ளே சுற்றிக்கொண்டு வந்தால் முன் பெஞ்சுக்காரர்களுக்கும் தப்பிப்பு இல்லை. "கரி பஸ்ஸுல ஏறினவன் கண்ணாலத்துக்குப் போனாலும் கருமாதிக்குப் போற மொகத்தோடதான் எறங்குவான்" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுநாள் அதே பஸ்ஸில் ஏறுவார்கள்.

எனக்கு அந்த பஸ்ஸின்மேல் அடங்காத ஆச்சரியம். எங்கள் வீட்டு அடுப்பிலும் இதே கரிதான் எரிகிறது, சோறு மட்டும்தான் வேகிறது, வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லையே, இது எப்படி நாற்பது பேரையும் பூக்கூடைகளையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது? நைனாவைக் கேட்டேன். "நீ துன்னுட்டு ஓடற இல்ல, அது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெரு வாத்தியாரைக் கேட்டேன். தினமும் அதே பஸ்ஸில் பருத்திப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், கேட்டதற்காகவே எனக்கு ஒரு குட்டு வைத்தார். அவருக்கும் தெரியவில்லை என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன்.

என்னைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவின் தம்பி, ஏழுமலை மாமா. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது சீர்வரிசையோடு அவரும் வந்தார் என்று நைனா கேலி செய்வார். இருபது வயது, பீச்சாங்கைப் பழக்கம். நிலத்துக்குப் போ என்றால் பஸ் நிற்கிற இடத்துக்குப் போவார். டிரைவர் துலுக்காணத்தோடு சிநேகம் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே சக்கரம் சுற்றுவார், கரி கொட்டுவார், பாய்லரில் காதை வைத்துக் கேட்பார். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே கரி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "நீலமா வந்தா நல்ல கரி, மஞ்சளா வந்தா வேகாத கட்டை, வெள்ளையா வந்தா ஈரம்" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்வார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அந்தப் பெருமைதான் வீட்டில் கலகம் மூட்டியது. அம்மா அவருக்குத் திருமழிசையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துப் பரிசம் போட நாளும் குறித்துவிட்டாள். அந்த நாளன்று காலையில் மாமாவைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, கல்யாணம் வேண்டாம், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். தட்டு வரிசையோடு பெண் வீட்டு வாசலில் போய்த் தனியாக நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்! "இனிமே என் மூஞ்சில முழிக்காத!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். மாமாவும் ரோஷக்காரர். அன்று சாயங்காலமே துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாராம், லாரி ஓட்டக் கற்றுத் தருகிறார்களாம் என்று துலுக்காணம்தான் வந்து சொன்னார். ஒரு வருஷம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை, கடிதாசு இல்லை. ஆனால் குழம்பு கொதிக்கிறபோது அம்மா இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். ஒன்று எனக்கு, ஒன்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கார்டு வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்தேன். "அக்காவுக்கு நமஸ்காரம். வெள்ளிக்கிழம எங்களைக் கப்பலுக்கு அனுப்புறாங்க. எந்த ஊர்னு சொல்லல. பதினோரு மணி வரைக்கும் ஆவடி முகாம் வாசல்ல ஊட்டு ஆளுங்க வந்து பாக்கலாம்னு உத்தரவு. நீ வந்தா பாப்பேன்." அவ்வளவுதான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை. அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை தானே வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக்கூடாதுடி. சண்டைக்குப் போறவன் அந்த வார்த்தையோட போவக்கூடாது" என்றாள்.

நைனா மாடுகளை ஓட்டிக்கொண்டு வெளியூர் உழவுக்குப் போயிருந்தார், வண்டி கிடையாது. நடந்தால் ஐந்தாறு மைல். எட்டு மணி பஸ் எட்டரைக்குக் கிளம்பினால்கூட ஒன்பதரைக்குள் போய்விடலாம் என்பது அம்மாவின் கணக்கு. விடிகாலையிலேயே எழுந்து மாமாவுக்குப் பிடித்த வெல்லக் கொழுக்கட்டை செய்யத் தொடங்கினாள். நாலைந்து ஈடு வேகவைத்தாள். ஆகவே அன்று அடுப்பில் விறகும் அதிகம், மிஞ்சிய கொள்ளிக்கட்டையும் அதிகம்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமையல் முடிந்ததும் எரிகிற கட்டைகளை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பானையில் சேர்த்து வைப்போம். குமுட்டி அடுப்புக்கு அந்தக் கரிதான், பல் விளக்கவும் அதுதான். அணைக்கிற வேலை என்னுடையது. "தெளிக்கணும்டி, ஊத்தக்கூடாது" என்று அம்மா தினமும் சொல்வாள். கையால் நாலு துளி உதறினால் போதும், கரி முறுகலாக நிற்கும். ஆனால் எனக்கு அந்தச் சத்தத்தின்மேல் ஓர் ஆசை. நிறையத் தண்ணீர் விட்டால் சத்தம் எவ்வளவு பெரிதாக வரும், ஆவி கூரையைத் தொடுமா என்று ரொம்ப நாளாகவே பார்க்க வேண்டும் என்று இருந்தது. அன்று அம்மா தலை வாரிக்கொள்ளப் போயிருந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டேன். ஆவி கூரையைத் தொட்டது. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு நாங்கள் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பஸ்ஸும் நின்றிருந்தது. பாய்லரில் புகை இல்லை. துலுக்காணம் படிக்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கரி மூட்டை வரலம்மா. கீற கரிய வச்சு கரையான்சாவடி தாண்டாது. இன்னிக்கு டிரிப் இல்ல" என்றார்.

பூக்கூடையோடு நின்றிருந்த பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாத்தியார் தன் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "மணி எட்டு அஞ்சு" என்று அறிவித்தார். அந்தக் கடிகாரம் வாங்கியதிலிருந்து அவர் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணி சொல்லுவார்.

அம்மா ஒரு நிமிஷம்தான் நின்றாள். "கரிதான இல்ல? வண்டி நல்லா கீது இல்ல?" என்று கேட்டாள். துலுக்காணம் ஆமாம் என்பதற்குள் கொழுக்கட்டைத் தூக்கை என் கையில் திணித்துவிட்டு, பக்கத்தில் கிடந்த இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் ஓடினாள். வீடு வீடாகப் போய், "ஏழுமலைய பாக்கப் போறேன், ஒரு பானை கரி குடு" என்று கேட்டிருக்கிறாள். பரிசத்தன்று அவளைப் பார்த்துச் சிரித்த தெரு அது. இல்லை என்று ஒரு வீடும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடைகள் நிறைய வேண்டுமே. எங்கள் வீட்டில் அன்று காலை அணைத்த கரிதான் எல்லாவற்றையும்விட அதிகம். அவசரத்தில் அதை முதலில் அள்ளிப் போட்டு, மற்ற வீடுகளின் காய்ந்த கரியை அதன்மேல் கொட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தெளித்த கரிதானே, கொதிக்கிற சூட்டிலேயே காய்ந்திருக்கும் என்று நினைத்திருப்பாள்.

துலுக்காணம் கூடையின் மேல்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். "காஞ்ச கரிதானேம்மா?"

"எங்க தெருக் கரி பொன்னு மாதிரி அண்ணாத்தே, பயப்படாம போடு" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. அடியில் இருப்பது சொட்டச் சொட்ட நனைந்த கரி என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் பஸ் போகாது. சொல்லாவிட்டால் ஒருவேளை போனாலும் போகும் என்று என் ஒன்பது வயது மூளை கணக்குப் போட்டது. அடி விழும் என்ற பயமும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை.

மேலாகக் கிடந்த கரி முதலில் போனதால் பஸ் நன்றாகவே கிளம்பியது. கண்டக்டர் எத்திராஜு சக்கரம் சுற்ற, எஞ்சின் இருமி, தும்மி, உயிர் பெற்றது. வழக்கம்போல எல்லோரும் ஒரு சத்தம் போட்டோம். அம்மா முந்தானையால் தூக்கை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் பெரிதாகக் குங்குமம், தலையில் பச்சையம்மா கொடுத்த முல்லை. கூவம் ஆற்றுத் தரைப்பாலத்தில் இறங்கி ஏறுகிற மேட்டில் எப்போதும்போல எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வாத்தியார் மட்டும் எப்போதும்போலக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து "தள்ளுங்க, தள்ளுங்க" என்று தைரியம் சொன்னார். மேடு ஏறியதும் வழியிலேயே கூடைகளிலிருந்து இன்னும் கொஞ்சம் கரியை அள்ளிக் கொட்டினார்கள். அடிக்கரி.

பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்தது. வாத்தியார் இறங்க வேண்டிய இடம் இன்னும் கொஞ்சம் தூரம். எஞ்சின் சத்தம் மெலிந்தது, பிறகு விக்கியது, பிறகு நின்றேவிட்டது. துலுக்காணம் இறங்கிப் பின்னால் போய் மூடியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பியது. காற்று அதை எங்கள் பக்கம் தள்ளியது. எங்கள் வீட்டு அடுப்படி வாசனை; காலையில் நான் கவிழ்த்த சொம்பின் வாசனை.

"இன்னாம்மா, கரிக்குத் தலைக்கு ஊத்தி இட்டாந்தியா?" என்று துலுக்காணம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸே சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. "எவ்ளோ நேரம் ஆவும் அண்ணாத்தே?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சு நிமிசம். ஈரம் எரிஞ்சிட்டா புடிச்சுக்கும்."

அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் கெட்டோம். இல்லையென்றால் அம்மா அங்கிருந்து நடந்தே போயிருப்பாள். வேகமாக நடந்தால் முக்கால் மணி நேரம். ஐந்து நிமிஷம் போயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம் என்றார். எத்திராஜு சக்கரம் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து நின்றபோது அம்மா, "நவுரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். பெண்பிள்ளை பஸ் சக்கரம் சுற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் நின்று, கீழ்க்கதவு வழியாக விசிறிக்கொண்டிருந்தேன். அதுவாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. கரித்தூள் அப்பிக்கொண்டது, வேர்வையில் அது குழைந்தது, அம்மாவின் குங்குமம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வாத்தியார் நடந்தே போயிருக்கலாம், ஆனால் அவரும் போகவில்லை. "ஒன்பதே முக்கால்," என்றார். பிறகு "பத்து" என்றார். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, குடையை மடக்கி வைத்து, அவரும் வந்து கரி உடைக்க உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஆவடிப் பக்கமிருந்து லாரிச் சத்தம் கேட்டது. பட்டாள லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக. ரோடு ஒரு வண்டி அகலம்தான். முதல் லாரிக்காரன் ஹாரனை அடிக்க, எல்லோரும் சேர்ந்து பஸ்ஸை இடப்பக்கச் சேற்றில் தள்ளி வழிவிட்டோம். பதினோரு மணி என்றுதானே உத்தரவு. இவர்கள் வேறு யாரோ என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லாரிகள் மெதுவாக, எங்களை உரசுகிற மாதிரி போயின. பின்பக்கம் முழுக்கக் காக்கிச் சட்டைக்காரர்கள் நின்றுகொண்டு ஏதோ பாடிக்கொண்டு போனார்கள். சேற்றில் சாய்ந்து நிற்கிற பஸ்ஸையும் எங்கள் கோலத்தையும் பார்த்து ஓவென்று சிரித்தார்கள்.

கடைசி லாரியில் மாமா இருந்தார். மொட்டை மாதிரி வெட்டிய தலை, மெலிந்த கழுத்து, ஆனாலும் மாமாதான். பின்பக்கத் தடுப்பில் மோவாயை வைத்துக்கொண்டு பாய்லரையே பார்த்துக்கொண்டு போனார்.

"ஏழுமல! டேய் ஏழுமல!" என்று அம்மா கத்தினாள். லாரிச் சத்தத்திலும் பாட்டிலும் அது எங்கே கேட்கும்? கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நானும் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா பார்த்தார். நேராக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். பிறகு பீச்சாங்கையை உயர்த்தி, யாரோ வழிப்போக்கர்களுக்கு ஆட்டுகிற மாதிரி, உற்சாகமாக ஆட்டினார். லாரி ஏரிக்கரை வளைவில் திரும்பிப் புழுதிக்குள் போய்விட்டது.

அம்மா நடு ரோட்டில் நின்றாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நம்மள அவனுக்குத் தெரில" என்றாள். திரும்பி வந்து, தூக்கைத் திறந்து, பஸ் தள்ளியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டிரண்டு கொழுக்கட்டை வைத்தாள். கரிக்கையோடு எல்லோரும் வாங்கித் தின்றார்கள். துலுக்காணம் மட்டும் கொழுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். பிறகு அவரும் தின்றார், அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால்.

பஸ் மத்தியானத்துக்கு மேல் ஆவடி போய்ச் சேர்ந்தது. அம்மா இறங்கவில்லை. அதே இடத்தில் உட்கார்ந்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, தேய்த்துக் குளிப்பாட்டினாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கே என் கணக்கு தீர்ந்திருக்கும்.

மூன்று நான்கு மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. நடுவில் இரண்டு வரிகளைப் பட்டாளத்துக்காரர்களே மை பூசி அழித்திருந்தார்கள். மிச்சத்தை நான் படித்தேன். சாப்பாடு பரவாயில்லை, லாரி ஓட்டுகிறேன் என்று எழுதிவிட்டு, பிறகு இப்படி எழுதியிருந்தார்: "நாங்க கெளம்பன அன்னிக்கு நம்ம துலுக்காணம் அண்ணாத்தே வண்டி ஏரிக்கரைல படுத்துகினு இருந்துது. வெள்ளைப் பொகைய பாத்ததும் எவனோ ஈரக் கரி போட்டுட்டான்னு சொன்னேன். எங்க பசங்க அசந்து போய்ட்டாங்க. ஒரு பொம்பள உச்சந்தலைலேந்து கால் வரைக்கும் கரி பூசிகினு, முண்டாசு கட்டிகினு, லாரி பின்னாலயே ஓடியாந்துச்சு. கூட ஒரு குட்டிப் பிசாசு. வவுறு வலிக்கச் சிரிச்சோம். பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருந்துது, அதுக்குள்ள ஏத்திட்டாங்க. அதுவரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்தேன். நீ வரல அக்கா. கோவம் இன்னும் ஆறலன்னு நெனச்சுகினேன்."

ஈரக் கரி என்கிற இடம் வந்ததும் வேகவேகமாகப் படித்து முடித்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம வந்தோம்னு எழுதட்டுமாம்மா? அது நீதான்னு எழுதட்டுமா?" என்றேன்.

"எழுதாத," என்றாள் சட்டென்று. "சொந்த அக்காவப் பாத்துத்தான் சிரிச்சோம்னு தெரிஞ்சா அவனுக்கு அங்க சோறு எறங்காது. பஸ்ஸு கெடைக்கல, அதான் வரலன்னு எழுது. கோவம் இல்லன்னு எழுது. ரெண்டு வாட்டி எழுது."

இரண்டு தடவை எழுதினேன்.

சண்டை முடிந்து மாமா முழு உடம்போடு திரும்பி வந்தார். அம்மா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்ததும், தெரு முழுக்கச் சோறு போட்டதும் தனிக் கதை. ஏரிக்கரையில் ஓடியது யாரென்று மாமாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடமும், பஸ்ஸில் இருந்தவர்களிடமும், தெருவிடமும் அம்மா வாக்கு வாங்கியிருந்தாள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுதந்திரம் வந்தது, கரி போய் டீசல் வந்தது, மாமா கல்யாணம் செய்துகொண்டு, அதே பூந்தமல்லி - ஆவடி ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டினார். எந்த விசேஷமானாலும், பிள்ளைகள் கூடினால், 'கரிமூஞ்சிப் பொம்பள' கதையைச் சொல்லாமல் விடமாட்டார். எழுந்து நின்று, முண்டாசு கட்டி, ஓடிக் காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். அம்மாவும் சிரிப்பாள். "அய்யே, போதும்டா" என்பாள். நான் மட்டும் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவேன். எத்தனை தரம் கேட்டாலும் அவள் முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட விழுந்ததில்லை. அந்த அடக்கத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

அம்மா காலமாகிக் கருமாதி முடிந்த அன்று சாயங்காலம், பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரோசா, உங்கம்மா பெத்த தாய்க்கு மேல என்ன வளத்தா. ஒரு கொறை சொல்ல முடியாது. அன்னிக்கு மட்டும் ஆவடிக்கு வரல. அது ஒண்ணுதான் உள்ள கீது" என்றார்.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அவளோடு போகட்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். சொம்பைக் கவிழ்த்ததிலிருந்து, அம்மா தெருவெல்லாம் கரிக்குக் கையேந்தியது, சக்கரம் சுற்றியது, கொழுக்கட்டை வரைக்கும் எல்லாம் சொன்னேன். அந்தக் குட்டிப் பிசாசு நான்தான் என்றும் சொன்னேன். பந்தல்காரன் மூங்கிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எழுபதை நெருங்கிய மனிதர், பீச்சாங்கையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஈரக் கரிய கண்டுபுடிச்சேன்," என்றார் கடைசியில். "எங்க அக்காவக் கண்டுபுடிக்கலியே சரோசா."

அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளைகள் கேட்டால், மறந்துபோச்சு என்பார். அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

இப்போது குமணன்சாவடியில் நின்றால் ஆவடிக்கு ஒன்று மாற்றி ஒன்றாக பஸ் வருகிறது. எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற குழந்தை ஒன்றையும் காணோம். புளியமரம் இல்லை, தரைப்பாலம் உயர்ந்து பாலமாகிவிட்டது, ஏரிக்கரையில் ஜனங்கள் நடைப்பயிற்சி செய்கிறார்கள். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. ஒருத்தி தம்பியைப் பார்க்கப் போகிறாள் என்பதற்காக நிற்கிற பஸ்ஸும் இல்லை. அவளுக்காகக் கரிப்பானையைத் திறக்கிற அடுப்படியும் இல்லை. போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாகப் போனேன். ஏரிக்கரை வளைவில் நெரிசலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு லாரி. கட்டட வேலைக்குப் போகிற வடநாட்டுப் பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள், தலை முதல் கால்வரை சிமெண்டுப் புழுதி. முகம் எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலோரக் கிழவி உற்றுப் பார்ப்பதைக் கண்டு ஒருவன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினான். எந்த ஊரில் அவனுக்கு அக்கா இருக்கிறாளோ. லாரி மறைகிறவரைக்கும் நான் கையை நன்றாக உயர்த்தி ஆட்டிக்கொண்டிருந்தேன்.